பஸ்ஸின் வேகத்தோடு ஒளியின் வேகத்தைக் கூட்டக் கூடாதாம். ஏன்?

பாலக்கோடு_பிளஸ்டூ | வெள்ளி, இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். இரண்டு சந்தேகங்கள். வகுப்பில் கேட்டதற்கு "அதெல்லாம் தேர்வுக்கு வராது, உட்கார்" என்று பதில் வந்தது. அதனால் இங்கே வந்தேன்.

முதல் சந்தேகம். தருமபுரிக்குப் போகும் பஸ் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதற்குள் நான் பின்படியிலிருந்து முன்படிக்கு மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறேன். சாலையோரம் நிற்பவருக்கு என் வேகம் 64. இதுவரை சரி. அதே பஸ்ஸின் முகப்பு விளக்கிலிருந்து கிளம்பும் ஒளிக்கு மட்டும் 60ஐக் கூட்டக் கூடாது என்கிறார்கள். ஒளிக்கு மட்டும் என்ன சலுகை?

இரண்டாவது. பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு. ஆனால் நம் பார்வைக்கு எட்டும் எல்லை ஏறக்குறைய 4600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறதாம். ஆண்டுக்கு ஓர் ஒளியாண்டுதானே ஒளியே போக முடியும்? மீதி 3200 கோடி எங்கிருந்து வந்தது?

மாங்கூழ் | 9.50

சுங்கச்சாவடியில் சில கார்களுக்கு இருக்கிற சலுகைதான் அம்மா. கேள்வி கேட்கக் கூடாது.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | 10.15

கண்ணு, சலுகை எதுவும் இல்லை. உன்னுடைய 64ஏ தப்பு. அங்கிருந்து தொடங்குவோம்.

வேகங்களைக் கூட்டும் உண்மையான விதி, ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு சொல்வது, இது: இரண்டையும் கூட்டு, வந்த தொகையை (1 + இரண்டின் பெருக்கல் ÷ ஒளிவேகத்தின் வர்க்கம்) என்பதால் வகு. ஒளிவேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர். அதன் வர்க்கம் ஏறக்குறைய 9 × 10¹⁶. உன் பஸ் விநாடிக்கு 16.7 மீட்டர், உன் நடை 1.1 மீட்டர், பெருக்கினால் 18.5. இதை அந்தப் பூதத்தால் வகுத்தால் 2 × 10⁻¹⁶ வரும். ஆக, சாலையில் நிற்பவருக்கு உன் வேகம் 64 இல்லை. 64ஐவிட ஒரு மயிரிழை குறைவு. மயிரிழை என்பதுகூட அநியாயம். மணிக்கு 13 பிக்கோமீட்டர் குறைவு. ஒரு மணி நேரம் முழுக்க நீ நடந்தாலும் ஹைட்ரஜன் அணுவின் ஆரத்தில் கால்பங்குதான் பின்தங்கியிருப்பாய். (அதற்குள் பஸ் தருமபுரி தாண்டிவிடும் என்று யாரும் குறுக்கே வர வேண்டாம்.)

இனி அதே விதியில் உன் நடைக்குப் பதில் ஒளிவேகத்தைப் போட்டுப் பார். மேலே எந்த விகிதத்தில் கூடுகிறதோ கீழேயும் அதே விகிதத்தில் கூடும். விடை மறுபடியும் ஒளிவேகமேதான். எல்லோருக்கும் ஒரே விதி. நம் வேகங்கள் அற்பமானவை என்பதால் சாதாரணக் கூட்டலே சரி என்று நம்பிப் பழகிவிட்டோம்.

இது யாரோ உட்கார்ந்து கட்டிய கதையும் இல்லை. பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது. ஓடும் திசையில் ஒரு வேகமும் குறுக்கே ஒரு வேகமும் ஒளிக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்து, 1887இல் மைக்கேல்சனும் மார்லியும் அளந்தார்கள். எதிர்பார்த்த வித்தியாசம் தென்படவே இல்லை.

பாலக்கோடு_பிளஸ்டூ | 10.31

ஐயா, கணக்குப் போட்டுப் பார்த்தேன், வருகிறது. ஆனால் அந்த விதி ஏன் அப்படி இருக்கிறது? விதியை மனப்பாடம் செய்வதும் "கூட்டாதே" என்பதை மனப்பாடம் செய்வதும் ஒன்றுதானே?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | 10.34

இந்தக் கேள்விக்காகத்தான் முப்பது வருடம் சாக்பீஸ் தூள் தின்றேன். ஒரு ரயிலை எடுத்துக்கொள். நீளமான ரயில். நடுப்பெட்டியில்...

கிருஷ்ணகிரிக்_கோட்டை | 10.36

மன்னிக்கவும் ஐயா. கிருஷ்ணகிரி ஊருக்கு ரயிலே கிடையாது. நாங்கள் சார்பியலை எதை வைத்துப் படிப்பது?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | 10.41

இருந்தது தம்பி. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய ரயில் பாதை போட்டது 1905இல். ஐன்ஸ்டைன் சிறப்புச் சார்பியல் கட்டுரையை வெளியிட்ட அதே ஆண்டு. பின்னாளில் பாதையைப் பிடுங்கிவிட்டார்கள். கட்டுரை மட்டும் நிலைத்தது.

அரூர்_அக்கா | 11.05

ரயில் வேண்டாம், இவளுடைய பஸ்ஸே போதும். நான் முதுகலை இயற்பியல் படித்தபோது இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பஸ்ஸின் நீளம் 12 மீட்டர். நடத்துனர் சரியாக நடுவில் நின்று டார்ச்சை ஒரு கணம் அடிக்கிறார். ஒளி முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் போகிறது. இரண்டு பக்கமும் 6 மீட்டர்தான். நடத்துனரைக் கேட்டால் "இரண்டு கண்ணாடியையும் ஒரே நேரத்தில் தொட்டது" என்பார். அவர் சொல்வது சரி.

சாலையோர டீக்கடை அம்மாவிடம் கேள். அவருக்கும் ஒளி இரு பக்கமும் அதே வேகத்தில்தான் போகிறது, பஸ்ஸின் வேகத்தைக் கூட்ட முடியாது என்று அளந்து பார்த்தாகிவிட்டதே. ஆனால் அவர் பார்வையில் பின்கண்ணாடி ஒளியை எதிர்கொண்டு வருகிறது; முன்கண்ணாடி ஒளிக்கு முன்னால் விலகி ஓடுகிறது. அதனால் ஒளி முதலில் பின்கண்ணாடியைத்தான் தொடும். அவர் சொல்வதும் சரி. இரண்டு பேருக்கும் இடையிலான வித்தியாசம்: நீளம் × பஸ்ஸின் வேகம் ÷ ஒளிவேகத்தின் வர்க்கம். 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 2.2 × 10⁻¹⁵ விநாடி.

அளவு சிறியதுதான். ஆனால் அது பூஜ்யம் இல்லை என்பதில் ஒரு பெரிய விஷயம் உடைந்து போகிறது. "ஒரே நேரத்தில்" என்ற சொல்லுக்கு எல்லோருக்கும் பொதுவான பொருள் கிடையாது. வேகம் என்பது தூரம் ÷ நேரம். நேரமே ஆளுக்கு ஆள் வேறு என்றால் வேகங்களை நேரடியாகக் கூட்டுவது எப்படிச் சரியாகும்? இவர் கடிகாரத்தில் அளந்ததை அவர் கடிகாரத்தில் அளந்ததோடு கூட்டுகிறோம், அதுதான் தப்பு. வாத்தியார் ஐயா தந்த விதியின் கீழ்ப்பகுதி இரண்டு பேருடைய கடிகாரத்துக்கும் அளவுகோலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சரிக்கட்டுகிறது.

சார்பியலில் எந்தக் கணக்கு உன்னைக் குழப்பினாலும் முதலில் "யாருடைய கடிகாரம்?" என்று கேள். எனக்கு இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் ஒரு பருவமே வீணானது.

ஓசூர்_கடிகாரம் | சனி, காலை 6.20

காலை வணக்கம். ஓசூரில் கைக்கடிகாரத் தொழிலில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். படிப்பு ஐ.டி.ஐ. வரைதான், தவறாகக் கேட்டால் மன்னிக்கவும்.

குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் ஒரு சின்னப் படிகக் கவை இருக்கிறது. விநாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணை இரண்டு இரண்டாகப் பதினைந்து முறை வகுத்தால் ஒன்று வரும். அதுதான் முள்ளின் ஒரு துடிப்பு. வெயில் பட்டாலும் குளிர் பட்டாலும் அதிர்வு மாறும், மாதத்துக்குப் பதினைந்து விநாடிவரை பிழை வந்தால் நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அதனால் "வேகமாகப் போகும் கடிகாரம் மெதுவாக ஓடும்" என்று சார்பியலில் சொல்வதைக் கேட்டால் என் மனம் உடனே எந்த உறுப்பு கெட்டது என்றுதான் தேடுகிறது. படிகமா, பேட்டரியா, பல்சக்கரமா?

அரூர்_அக்கா | 7.02

அண்ணா, இந்த இழையிலேயே நல்ல கேள்வி உங்களுடையது. எந்த உறுப்பும் கெடவில்லை. உறுப்பே இல்லாத ஒரு கடிகாரத்தைக் காட்டினால் நம்புவீர்களா?

அதன் பெயர் மியூவான், ஒரு நுண்துகள். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கிறது. எலெக்ட்ரானின் அண்ணன் மாதிரி, 207 மடங்கு கனம். அதற்குள் படிகமும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. ஆனால் ஓர் ஆயுள் இருக்கிறது: சராசரியாக 2.2 மைக்ரோவிநாடி. அதற்குள் ஒளிவேகத்திலேயே ஓடினாலும் 660 மீட்டர்தான் தாண்டும்.

ஒளிவேகத்தில் 99.5 விழுக்காட்டில் வரும் ஒரு மியூவானை எடுத்துக்கொள்வோம். காற்றில் அது இழக்கும் ஆற்றலை விட்டுவிடுவோம். கால நீட்சி (வேகமாகப் போகும் கடிகாரம் மெதுவாக ஓடுவது) என்று ஒன்று இல்லையென்றால் 15 கிலோமீட்டர் இறங்குவதற்குள் ஆயிரம் கோடியில் ஒன்றுதான் பிழைக்கும். சார்பியல்படி, அந்த வேகத்தில் அதன் கடிகாரம் நமக்குப் பத்து மடங்கு மெதுவாக ஓடுகிறது, ஆயுள் 22 மைக்ரோவிநாடி ஆகிறது, பத்தில் ஒன்று தரைக்கு வந்து சேரும். ஆயிரம் கோடியில் ஒன்றா, பத்தில் ஒன்றா? கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாலும் தெரிந்துவிடும் வித்தியாசம். உள்ளங்கையை வானத்தைப் பார்த்து விரித்தால் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் அதன் வழியே போகிறது. இதைப் படிக்கும்போதும் போய்க்கொண்டிருக்கிறது.

ஓசூர்_கடிகாரம் | 7.15

உறுப்பு இல்லாத கடிகாரம். ஒப்புக்கொள்கிறேன் அம்மா. உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டுதான் இதை ஒற்றை விரலால் தட்டச்சு செய்கிறேன்.

பாலக்கோடு_பிளஸ்டூ | 7.48

அக்கா, மாட்டிக்கொண்டீர்கள். மியூவானின் மேல் நான் உட்கார்ந்திருந்தால் எனக்கு நான் நிற்கிறேன், பூமிதான் மேலே பாய்ந்து வருகிறது. என் ஆயுள் 2.2 மைக்ரோவிநாடிதான். நான் எப்படித் தரையைப் பார்ப்பேன்?

அரூர்_அக்கா | 8.10

"யாருடைய கடிகாரம்" என்று கேட்டதோடு நின்றுவிட்டாய், "யாருடைய அளவுகோல்" என்றும் கேள். உன்னை நோக்கிப் பாயும் காற்று மண்டலம் உனக்கு நீளம் சுருங்கித் தெரியும், அதே பத்து மடங்கு. 15 கிலோமீட்டர் உனக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். 660 மீட்டர் ஆயுளில் ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டும் வாய்ப்பு எவ்வளவு? கணக்கிட்டுப் பார், அதே பத்தில் ஒன்று. காரணம் ஆளுக்கு ஆள் வேறு, தரையில் விழும் எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்று.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | 8.30

மியூவான் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து எல்லையைத் தாண்டினால் கோலார் தங்கவயல். அந்தச் சுரங்கத்தின் ஆழங்களில் கருவிகளை இறக்கி நம்மவர்கள் மியூவான்களை எண்ணினார்கள். இறங்க இறங்க எண்ணிக்கை குறைந்தது. மிக ஆழத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றுகூட விழவில்லை. என் பெரியப்பா அங்கே சுரங்கத் தொழிலாளி. "சம்பளம் வாங்கிக்கொண்டு ஒன்றும் வராததை எண்ணுகிறார்கள்" என்று வீட்டில் சிரிப்பாராம். அந்த "ஒன்றும் வராத" அமைதிதான் சொத்து. 1965இல், காற்று மண்டலத்தில் பிறந்து பாறையையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற துகளை உலகில் முதன்முதலாகக் கண்ட இடங்களில் ஒன்று அது. 2001இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

தொப்பூர்_இறக்கம் | 9.05

எங்களுக்கு லாரி இருக்கிறது, வண்டி எங்கே நிற்கிறது என்று ஜி.பி.எஸ். வைத்துத்தான் பார்க்கிறேன். அதில் சார்பியல் திருத்தம் இல்லாவிட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் பிழை வரும் என்று எங்கோ படித்தேன். தொப்பூர்க் கணவாயில் நிற்கும் வண்டி தருமபுரிப் பக்கம் தெரியுமா?

அரூர்_அக்கா | 9.40

எண்கள் சரி, முடிவு கொஞ்சம் மிகை. செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகின்றன. வேகத்தால் அவற்றின் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோவிநாடி பிந்தும். உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் 45 மைக்ரோவிநாடி முந்தும். இது 1915இல் வந்த பொதுச் சார்பியலின் பங்கு. மொத்தத்தில் 38 முந்துகிறது. அதை ஒளிவேகத்தால் பெருக்கினால் உங்கள் 11 கிலோமீட்டர் வரும்.

ஆனால் எல்லாச் செயற்கைக்கோளும் ஒரே அளவு முந்தினால், லாரியில் இருக்கும் கருவி அதில் பெரும்பங்கைத் தன் சொந்தக் கடிகாரப் பிழையாக எடுத்துக்கொண்டு கணக்கைத் தீர்த்துவிடும். இடத்தைக் கணிக்க மூன்று போதும், நான்காவது செயற்கைக்கோள் தேவைப்படுவதே அதற்காகத்தான். அதனால் "வண்டி தருமபுரியில் தெரியும்" என்பது பத்திரிகைக் கதை.

1977இல் என்.டி.எஸ்-2 என்ற செயற்கைக்கோளை ஏவியபோது இதில் ஐயம் இருந்தவர்களும் உண்டு. அதனால் திருத்தத்தைப் போடாமல் இருபது நாள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சார்பியல் சொன்ன அளவுக்கே முந்தியது. இப்போது ஏவும் முன்பே கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓடும்படி அமைத்துவிடுகிறார்கள்.

ஓசூர்_கடிகாரம் | 9.52

நாளுக்கு 38 மைக்ரோவிநாடி. நாங்கள் அரை விநாடியை மன்னித்துக்கொண்டிருந்தோம்.

மாங்கூழ் | 11.20

எல்லாம் சரி, அந்தப் பெண்ணின் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லையே? என் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒளியை எதுவும் மிஞ்ச முடியாது என்கிறீர்கள். தொலைதூர விண்மீன் மண்டலங்கள் ஒளியைவிட வேகமாக விலகுகின்றன என்றும் சொல்கிறீர்கள். காலையில் ஒரு சட்டம், மாலையில் ஒரு சட்டமா?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | மாலை 4.10

மதியம் களி தின்றதில் கண் அசந்துவிட்டது. இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஓசூரிலிருந்து தருமபுரிக்குக் காரில் கிளம்புகிறாய். ஒரு வினோதம்: தார்ச்சாலையே நாளுக்கு நாள் நீள்கிறது. மைல்கற்கள் யாரும் நகர்த்தாமலே ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. நீ தருமபுரி சேர்ந்ததும் காரின் மீட்டரைப் பார்க்கிறாய். நீ உருண்ட தூரம் அதில் இருக்கிறது. இப்போது ஒரு நாடாவைப் பிடித்து ஓசூர்வரை அளந்தால் மீட்டரைவிட அதிகம் வரும். ஏன்? காலையில் நீ கடந்த சாலைத்துண்டு நீ கடந்த பிறகும் நீண்டுகொண்டே இருந்தது. 1380 கோடி என்பது ஒளியின் மீட்டர். 4600 கோடி என்பது இன்றைய நாடா. பொய் எதுவும் இல்லை.

இந்தச் சாலையில் நமக்கு வந்து சேர்ந்த மிகப் பழைய ஒளி அண்ட நுண்ணலைப் பின்னணி. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டில் கிளம்பியது. கிளம்பிய இடம் அன்று நம்மிடமிருந்து வெறும் 4.2 கோடி ஒளியாண்டு. சாலை நீண்ட வேகத்தில் அதற்கு வந்து சேர 1380 கோடி ஆண்டு பிடித்தது. இடையில் வெளி ஏறக்குறைய 1100 மடங்கு நீண்டது, ஒளியின் அலைநீளமும் கூடவே நீண்டது. 3000 கெல்வினில் தகித்தது இன்று 2.7 கெல்வினில் வானம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. 1960களின் நடுவில் பென்சியாஸும் வில்சனும் தங்கள் வானலை வாங்கியில் ஓயாத இரைச்சல் வருகிறதே என்று புறா எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தார்கள். போகவில்லை. அதுதான் இது.

மாங்கூழ் தம்பிக்கு: உன் பக்கத்தில் ஓடும் ஒளிக்கற்றையை நீ முந்த முடியாது, சட்டம் அவ்வளவுதான். சாலை நீள்வதை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு விநாடிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் என்ற கணக்கில் நீள்கிறது. தூரம் கூடக் கூட வேகமும் கூடும். வகுத்துப் பார்த்தால் சுமார் 1400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பவை ஒளியைவிட வேகமாகவே விலகுகின்றன. அங்கும் எந்த மண்டலமும் தன் பக்கத்தில் போகும் ஒளியை முந்தவில்லை.

பாலக்கோடு_பிளஸ்டூ | 4.45

அப்படியானால் பாலக்கோட்டுக்கும் தருமபுரிக்கும் இடையே உள்ள சாலையும் நீள்கிறதா? பெருவெடிப்பு எந்த இடத்தில் நடந்தது?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | 5.02

நீளவில்லை. ஈர்ப்போ அணுப்பிணைப்போ கட்டி வைத்திருக்கும் எதுவும் நீளாது. நம் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமெடாவே விலகாமல் விநாடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது.

நடந்த இடம்: பாலக்கோடு தக்காளிச் சந்தை. கிண்டல் இல்லை. எல்லா இடமும் அன்று நெருங்கிக் கிடந்தது, எல்லா இடத்திலும் நடந்தது. சாலை முழுக்க நீளும்போது எந்த மைல்கல்லில் நின்றாலும் மற்றவைதான் விலகுகின்றன, நடுக்கல் என்று ஒன்று கிடையாது.

அரூர்_அக்கா | 5.30

அந்த 70 என்ற எண்ணை மட்டும் கல்லில் வெட்ட வேண்டாம் ஐயா. பின்னணி ஒளியை வைத்துக் கணக்கிட்டால் 67 வருகிறது, வெடிக்கும் விண்மீன்களையும் துடிக்கும் விண்மீன்களையும் படிப்படியாக வைத்து அளந்தால் 73 வருகிறது. இரண்டு பக்கமும் பிழைவரம்பைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள், இடைவெளி மூடவில்லை. பாலக்கோடு, நீ பட்டம் வாங்கி வரும்வரை இந்தச் சண்டை ஓயாது என்று நினைக்கிறேன்.

கிருஷ்ணகிரிக்_கோட்டை | 6.15

நான் ஒருமுறை திருப்பத்தூர் வழியாகக் காவலூர் வானோக்ககத்துக்குப் போனேன். 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற குவிமாடத்தை வெளியிலிருந்தே அண்ணாந்து பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் ஜவ்வாது மலை இருட்டில் வண்டியை நிறுத்தி, நண்பனின் பைனாகுலரில் ஆண்ட்ரோமெடாவைப் பார்த்தோம். ஊதிவிட்ட பீடிப்புகை மாதிரி ஒரு கறை. 25 லட்சம் ஆண்டுப் பழைய ஒளி என்றான் நண்பன். இப்போது அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று கேட்டேன்.

அரூர்_அக்கா | 6.22

யாருடைய இப்போது?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீங்கள் மலையில் நிற்கிறீர்கள், ஒருவர் உங்களைத் தாண்டி ஆண்ட்ரோமெடா இருக்கும் திசையில் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார். டார்ச் கணக்கில் 12 மீட்டருக்குப் பதில் 25 லட்சம் ஒளியாண்டைப் போடுங்கள். அங்கே "இப்போது" என்று நீங்கள் சொல்லும் கணமும் அவர் சொல்லும் கணமும் மூன்று நாளுக்கு மேல் விலகி நிற்கும்.

மாங்கூழ் | 6.40

நடந்ததற்கே மூன்று நாளா? சரி, சட்டம் ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பாலக்கோடு_பிளஸ்டூ | திங்கள், இரவு 8.05

இன்று மாலை டவுன் பஸ்ஸில் விளக்கு எரியவில்லை. நடத்துனர் டார்ச் அடித்துச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். சரியாக நடுவில்தான் நின்றார். பஸ் நீளம் 10 மீட்டர், வேகம் மணிக்கு 40 என்று வைத்து டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 3.7 × 10⁻⁷ வந்தது. அக்கா சொன்னதைவிட ரொம்பப் பெரிதாக இருக்கிறதே?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | 8.20

ஒளிவேகத்துக்கு வர்க்கம் எங்கே? ஒருமுறைதான் வகுத்திருக்கிறாய். விடையின் அலகைப் பார், விநாடி வரவில்லை, மீட்டர் வந்திருக்கிறது.

பாலக்கோடு_பிளஸ்டூ | 8.26

1.2 × 10⁻¹⁵ விநாடி. டிக்கெட்டில் இடம் இல்லை, உள்ளங்கையில் எழுதினேன்.